24.5 என்ற எண்ணுக்குப் பின்னால்...

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்களின் ஸ்கோரைத் தெரிந்துகொள்ள இன்டர்நெட்டில் தேடுகிறீர்கள். ஒரு தளம் திறக்கிறது. வீரரின் பெயர், அவர் படம். அதன் அருகே 24.5 என்று ஓர் எண். அதற்குப் பக்கத்தில் 'ஓவர்' என்று ஒரு பட்டன், 'அண்டர்' என்று ஒரு பட்டன். இரண்டின் கீழும் -110 என்று எழுதியிருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், குறிப்பாக வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பவர்கள், இது என்ன என்று என்னிடம் கேட்பதுண்டு. சிலர் இதை வீரரின் தர வரிசை என்று நினைக்கிறார்கள். சிலர் ஏதோ வினாடி வினா என்று நினைக்கிறார்கள்.

இரண்டும் இல்லை. அது ஒரு விலைப் பட்டியல். அந்த வீரர் இன்றைய ஆட்டத்தில் 24.5 புள்ளிகளுக்கு மேல் எடுப்பாரா, கீழே எடுப்பாரா என்று பணம் கட்டச் சொல்லும் பந்தயம். அமெரிக்காவில் இதற்கு 'பிராப் பெட்' என்று பெயர். எந்த அணி ஜெயிக்கும் என்ற கேள்வியே இதில் கிடையாது. தனி ஒரு மனிதரின் ஒரு நாள் கணக்கு மட்டும்தான்.

இந்தக் கட்டுரையில் பந்தயம் கட்டுவது எப்படி என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அந்த எண் எப்படித் தயாராகிறது, அதில் யாருக்கு லாபம், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் தொகுப்பிலேயே அதை எப்படிக் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். ஐந்து நிமிடம் போதும். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டியதில்லை. வகுத்தல், பெருக்கல் தெரிந்தால் சரி.

முதலில் ஆட்டத்தைப் பற்றி

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். என்.பி.ஏ. என்பது 30 அணிகள் கொண்ட அமைப்பு. வழக்கமான ஒரு சீசனில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். மொத்தம் 1,230 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் 12 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளாக 48 நிமிடம் நடக்கும்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரிக் கணக்கு வரும். எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை புள்ளி எடுத்தார், கூடையில் விழாமல் திரும்பிய பந்தை எத்தனை முறை கைப்பற்றினார் (இதுதான் ரீபவுண்ட்), புள்ளி எடுக்க வாகாக எத்தனை முறை சக வீரருக்குப் பந்து கொடுத்தார் (இதுதான் அசிஸ்ட்), தொலைவிலிருந்து மூன்று புள்ளி பெறும் வீச்சுகள் எத்தனை என்று அந்த வரி நீளும். கிரிக்கெட் ஸ்கோர் கார்டு போன்றதுதான்.

இந்த ஒவ்வொரு கட்டத்தையும் பந்தய நிறுவனங்கள் தனித்தனிச் சரக்காக விற்கின்றன. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளிலும் சேர்த்து இருபது வீரர்களாவது களம் இறங்குவார்கள். ஒருவருக்குப் பத்து வகைக் கணக்கு என்றால் 200 பந்தயங்கள் ஆகிவிட்டன. எந்த அணி வெல்லும் என்ற ஒரே கேள்வியை வைத்துக் கொண்டிருந்த கடையில் இப்போது நூற்றுக்கணக்கான கேள்விகள். இவ்வளவு எண்களை மனிதர்கள் உட்கார்ந்து எழுத முடியாது. கம்ப்யூட்டர்தான் எழுதுகிறது.

இந்தப் பழக்கம் பழையதுதான். 1986 ஜனவரியில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், வில்லியம் பெர்ரி என்ற மிகப் பருமனான தடுப்பு வீரர் 'டச் டவுன்' எடுப்பாரா என்று லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் பந்தயம் வைத்தார்கள். நடக்காது என்று நினைத்து 20 மடங்கு தருவதாக விலை வைத்துத் தொடங்கினார்கள். அவர் எடுத்துவிட்டார். விடுதிகள் பணத்தை இழந்தன. ஆனாலும் இப்படி ஒரு பந்தயம் வைத்தால் கூட்டம் எப்படி வரும் என்பதை அன்று அவர்கள் நன்றாகப் புரிந்து கொண்டார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

24.5 என்பதில் உள்ள அரைப் புள்ளியைக் கவனியுங்கள். யாரும் அரைப் புள்ளி எடுக்க முடியாது. 24 என்று வைத்து வீரர் சரியாக 24 எடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்த அரை.

வீரரின் சீசன் சராசரி, கடைசிச் சில ஆட்டங்கள், எத்தனை நிமிடம் ஆடுவார், எதிரணியின் தடுப்பாட்டம் எப்படி, ஆட்டம் வேகமானதா மெதுவானதா, நேற்றும் ஆடிக் களைத்திருக்கிறாரா, சக வீரர் யாருக்காவது காயமா என்பன போன்ற தகவல்களை ஒரு புரோகிராம் வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து ஓர் எண்ணைத் தருகிறது.

இதில் மிக முக்கியமானது நிமிடக் கணக்கு. ஒரு வீரர் சராசரியாக 36 நிமிடம் ஆடி 24 புள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று பயிற்சியாளர் அவரை 30 நிமிடம் மட்டும் ஆட விடுகிறார். எக்ஸெல் தொகுப்பில் ஒரு செல்லில் =24/36*30 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 20 என்று விடை வரும். வீரரின் திறமை கொஞ்சமும் குறையவில்லை. பெஞ்சில் ஆறு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தார். அவ்வளவுதான், நான்கு புள்ளி போய்விட்டது.

எனவே யாருக்குக் காயம் என்ற செய்தி முதலில் யாருக்குக் கிடைக்கிறது என்பதே இந்த வியாபாரத்தில் பெரிய விஷயம். பந்தய நிறுவனங்களுக்குத் தகவல் பைப் லைனில் தண்ணீர் வருவது போல் வருகிறது. என்.பி.ஏ. அரங்குகள் எல்லாவற்றிலும் 2013-14 சீசனிலிருந்து கூரையில் கேமராக்கள் பொருத்தப்பட்டு, வீரர்களும் பந்தும் நகர்வது பதிவாகிறது. புள்ளிவிவரங்களைப் பந்தய நிறுவனங்களுக்குக் கொண்டு சேர்க்க ஸ்போர்ட்ரேடார் போன்ற நிறுவனங்களுடன் என்.பி.ஏ. ஒப்பந்தமே வைத்துள்ளது. செய்தி வந்த சில நொடிகளில் எண் மாறிவிடும். நீங்கள் செய்தியைப் படித்துவிட்டு மவுஸை நகர்த்துவதற்குள் அந்தப் பக்கம் விலை ஏறி நிற்கும்.

எக்ஸெல் திறந்து பார்ப்போம்

இனி -110 என்பதற்கு வருவோம். மைனஸ் குறியைப் பார்த்து மிரள வேண்டாம். 110 டாலர் கட்டினால், ஜெயித்தால் 100 டாலர் லாபம் என்பதே அதன் பொருள். தோற்றால் 110 டாலரும் போய்விடும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே உள்ள எல்லாப் பார்முலாக்களும் இரண்டிலும் வேலை செய்யும். சம அடையாளத்துடன் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதல் கணக்கு. பணம் நஷ்டமாகாமல் இருக்க நூற்றுக்கு எத்தனை முறை ஜெயிக்க வேண்டும்? =110/210 என்று டைப் செய்யுங்கள். 0.5238 என்று வரும். அதாவது நூற்றுக்கு 52.38 முறை. பாதிக்குப் பாதி ஜெயித்தால் போதாது.

இரண்டாவது கணக்கு. ஓவர், அண்டர் இரண்டுக்கும் அதே விலை. இரண்டையும் கூட்டுவோம். =110/210+110/210 என்று கொடுங்கள். 1.0476 வரும். ஓவர் அல்லது அண்டர், இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். எனவே கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். கூடுதலாக உள்ள 0.0476 என்ன? அதுதான் கடைக்காரரின் கமிஷன். எங்கும் 'கமிஷன்' என்று எழுதியிருக்காது. விலைக்குள்ளேயே கரைத்து வைத்திருப்பார்கள்.

தனி வீரர் பந்தயங்களில் -115 என்ற விலையும் சாதாரணமாகக் காணப்படும். இரு பக்கமும் -115 என்றால் =115/215+115/215 என்று போட்டுப் பாருங்கள். 1.0698. கமிஷன் இன்னும் கூடிவிட்டது. திரையில் பார்க்கும்போது 110க்கும் 115க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் தோன்றும்.

மூன்றாவது கணக்கு. ஒருவர் ஒரு சீசனில் 110 டாலர் வீதம் 100 பந்தயம் கட்டுகிறார். 50 ஜெயிக்கிறார், 50 தோற்கிறார். =50*100-50*110 என்று கொடுங்கள். -500 என்று வரும். 52 ஜெயித்தால்? =52*100-48*110 என்றால் -80. 53 ஜெயித்தால்தான் =53*100-47*110 கணக்கில் 130 டாலர் கையில் நிற்கும். ஆக, கட்டிய 11,000 டாலருக்கு 130 டாலர் லாபம் பார்க்க, ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் விவரங்களை வைத்திருக்கும் புரோகிராமை விட நீங்கள் கூடுதலாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்படித் தெரிந்து ஜெயிப்பவர்கள் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் தொடர்ந்து ஜெயிப்பவரைக் கண்டால், இனி இத்தனை டாலருக்கு மேல் கட்ட முடியாது என்று அவர் கணக்கிற்கு உச்ச வரம்பு வைப்பது அமெரிக்கப் பந்தய நிறுவனங்களிடம் சகஜம். தோற்பவருக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கும்.

சராசரி தரும் மயக்கம்

"இவன் சராசரி 26. கேட்பது 24.5 தான். கண்ணை மூடிக்கொண்டு ஓவர்!" இப்படித்தான் பலரும் நினைப்பார்கள். இதையும் சோதித்துப் பார்ப்போம். உதாரணத்துக்காக நானே எழுதிய பத்து ஆட்டங்களின் புள்ளிகள் இவை. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பத்து செல்களில் டைப் செய்யுங்கள்: 22, 31, 18, 27, 24, 12, 35, 20, 26, 25.

இப்போது பத்து செல்களையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். விண்டோவின் அடிப்பகுதியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ஆவரேஜ் 24 என்று காட்டப்படும். 24.5க்கு மேல் எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள். ஐந்து. கீழே ஐந்து.

அடுத்து, 35 என்ற எண்ணை அழித்துவிட்டு 55 என்று மாற்றுங்கள். அவர் ஒரு நாள் மட்டும் வெளுத்து வாங்கிவிட்டார் என்று பொருள். சராசரி 26 ஆக ஏறிவிடும். ஆனால் 24.5க்கு மேல் எடுத்த ஆட்டங்கள் எத்தனை? அதே ஐந்துதான்! ஒரு நாள் அடித்த அடி சராசரியை உயர்த்தியது. அடுத்த ஆட்டத்தில் 24.5ஐத் தாண்டும் வாய்ப்பை அது கொஞ்சம் கூட உயர்த்தவில்லை. எண்ணை வைக்கும் புரோகிராமுக்கு இது தெரியும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

நிஜ ஆட்டம் ஒன்றையும் சொல்கிறேன். அப்போது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் ஆடிய கிளே தாம்சன், மூன்று புள்ளி வீச்சில் பெயர் பெற்றவர். 2018-19 சீசன் தொடங்கியதும் முதல் ஏழு ஆட்டங்களில் அவர் எறிந்த 36 மூன்று புள்ளி வீச்சுகளில் ஐந்துதான் உள்ளே விழுந்தன. ஆள் பார்மில் இல்லை என்று எல்லோரும் சொல்லிக் கொண்டிருந்தபோது, 2018 அக்டோபர் 29 அன்று சிகாகோ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். அது என்.பி.ஏ. சாதனை. அன்று ஆடியது 27 நிமிடம், எடுத்தது 52 புள்ளி. முந்தைய ஏழு ஆட்டங்களைப் பார்த்து அன்று அண்டர் கட்டியவர் நிலை என்ன ஆகியிருக்கும்? தனி ஒருவரின் ஒரு நாள் ஆட்டம் இப்படித்தான். ஒரு சீசன் முழுவதும் பார்த்தால் ஒழுங்கு தெரியும். ஒரு ராத்திரிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சேர்த்துக் கட்டினால்?

ஒரே சீட்டில் மூன்று, நான்கு வீரர்களின் கணக்கைச் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. இதற்குப் 'பார்லே' என்று பெயர். எல்லாம் சரியாக அமைந்தால் பெரிய தொகை. ஒன்று தவறினாலும் மொத்தமும் போயிற்று. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இதுதான்.

இங்கே கமிஷன் என்ன ஆகிறது என்று பார்ப்போம். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு -110 பந்தயத்தில் கட்டும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாகத் திரும்பி வருவது =105/110, அதாவது 0.9545 டாலர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டைச் சேர்த்தால் =(105/110)^2 என்று கொடுங்கள். 0.9112. மூன்றுக்கு =(105/110)^3 என்றால் 0.8697. ஐந்துக்கு =(105/110)^5 என்றால் 0.7925. ஒரு டாலருக்கு நான்கரை காசு போய்க் கொண்டிருந்த இடத்தில் இப்போது 20 காசுக்கு மேல் போகிறது. வட்டிக்கு வட்டி நமக்கு எதிராக வேலை செய்வது போல, கமிஷனுக்குக் கமிஷன்.

அமெரிக்காவில் சில ஆப்கள் இன்னும் எளிமையாகக் கேட்கின்றன. இரண்டு வீரர்களைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் சரியானால் கட்டியதைப் போல மூன்று மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. பூவா தலையா போல இரண்டும் பாதிப் பாதி வாய்ப்பு என்றால் இரண்டும் சேர்ந்து அமைவது நான்கில் ஒரு முறை. நியாயமான விலை நான்கு மடங்கு. மூன்று மடங்கு தந்தால் =3/4 தான் திரும்ப வருகிறது. டாலருக்கு 25 காசு கடைக்காரருக்கு.

ஒரே ஆட்டத்தில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைச் சேர்த்தால் ஏமாற்றிவிடலாமே என்று புத்திசாலிகள் கேட்பார்கள். ஒருவர் அசிஸ்ட் எடுத்தால் இன்னொருவர் புள்ளி எடுப்பார் அல்லவா? உண்மைதான். ஆனால் அதையும் கணக்கில் எடுத்து விலையைக் குறைத்துத்தான் கம்ப்யூட்டர் காட்டுகிறது.

ஒரே ஒருவர் கையில் இருக்கும் எண்

இதுவரை பார்த்தது நேர்மையாக நடக்கும் ஆட்டத்தின் கணக்கு. இனிச் சொல்வது வேறு.

ஓர் அணியை வேண்டுமென்றே தோற்கச் செய்வது கடினம். பலர் சேர்ந்து சதி செய்ய வேண்டும். ஒரு வீரரின் எண்ணைக் குறைக்க ஒருவர் போதும். அந்த வீரரே போதும். காலில் வலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டால் அண்டர் ஜெயித்துவிடும்.

அப்படித்தான் நடந்தது. டொரோன்டோ ராப்டர்ஸ் அணியில் ஜான்டே போர்ட்டர் என்ற வீரர் இருந்தார். நட்சத்திர வீரர் அல்ல. 2024 ஜனவரி 26 அன்று நான்கு நிமிடம் சொச்சம் ஆடிவிட்டுக் கண் காயம் என்று வெளியேறினார். மார்ச் 20 அன்று மூன்று நிமிடம் கூட ஆடாமல் உடம்பு சரியில்லை என்று போய்விட்டார். இரண்டு ஆட்டத்திலும் ஒரு புள்ளி கூட இல்லை. மார்ச் 20 ஆட்டத்தில் அவர் கணக்குகள் குறையும் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். ஜெயித்தால் 11 லட்சம் டாலர் கிடைக்கும் பார்லே அது.

அணியின் கடைசி வரிசை வீரர் மீது இவ்வளவு பணமா? பந்தய நிறுவனங்களும் கண்காணிப்பு அமைப்பும் சந்தேகப்பட்டு என்.பி.ஏ.வுக்குத் தகவல் கொடுத்தன. பணம் பட்டுவாடா செய்யப்படவில்லை. 2024 ஏப்ரல் 17 அன்று போர்ட்டருக்கு என்.பி.ஏ. வாழ்நாள் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டத்தில் ஏற்பட்ட கடனிலிருந்து மீளவே இப்படிச் செய்ததாகச் சொன்னார். கணக்கை விற்றவரும் சூதாட்டக் கடனாளிதான் என்பதைக் கவனியுங்கள்.

2025 அக்டோபர் 23 அன்று இன்னொரு வழக்கில் டெர்ரி ரோஸியர் என்ற வீரர் கைதானார். 2023 மார்ச் 23 அன்று சார்லட் அணிக்காக ஆடியபோது, தாம் சீக்கிரம் வெளியேறப் போவதை முன்கூட்டியே வேண்டியவருக்குச் சொன்னார், அதை வைத்து அண்டர் பக்கம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பந்தயம் கட்டப்பட்டது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவர் குற்றத்தை மறுத்துள்ளார்.

இங்கே சாதாரணமாகப் பணம் கட்டுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீரரின் சராசரி, எதிரணி, நிமிடக் கணக்கு எல்லாம் பார்த்து ஓவர் கட்டியிருப்பார். எதிர்ப்பக்கம் கட்டியவருக்கோ, வீரர் நாலு நிமிடத்தில் எழுந்து போகப் போகிறார் என்பதே தெரியும். எந்தப் பார்முலாவும் இதைக் காட்டாது.

சட்டமும் திருத்தங்களும்

அமெரிக்காவில் 1992ல் வந்த ஒரு மத்தியச் சட்டம், நெவாடா போன்ற சில இடங்கள் தவிர மற்ற மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வைத்திருந்தது. சட்டபூர்வமாக்கி முறைப்படுத்தலாம் என்று என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வர் 2014 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். 2018 மே 14 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992 சட்டத்தை ரத்து செய்தது. அதன் பிறகு 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அனுமதித்துவிட்டன. பந்தயக் கடை சட்டைப்பையில் உள்ள போனுக்கே வந்துவிட்டது.

போர்ட்டர் விவகாரத்துக்குப் பின், 2024-25 சீசனிலிருந்து, குறைந்த சம்பளத் தற்காலிக ஒப்பந்தத்தில் உள்ள வீரர்கள் மீது அண்டர் பந்தயம் வைப்பது நிறுத்தப்பட்டது. தனி வீரர் பந்தயங்களில் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளும்படி நிறுவனங்களைக் கேட்டுள்ளதாக 2025 அக்டோபரில் சில்வர் சொன்னார். கல்லூரி ஆட்டங்களில் தனி வீரர் மீதான பந்தயத்தை ஒகாயோ, மேரிலாந்து போன்ற மாநிலங்கள் 2024ல் தடை செய்தன. படிக்கும் பிள்ளைகளுக்குப் பந்தயத்தில் தோற்றவர்கள் மிரட்டல் செய்தி அனுப்பியது இதற்கு ஒரு காரணம். பெரிய வீரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. உலகில் பாதிப் பேருக்குத் தாம் பணம் சம்பாதித்துக் கொடுக்கும் ஒரு பொருள்தான் என்று இண்டியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் 2024ல் வருத்தப்பட்டார். நன்றாக ஆடி அணியை ஜெயிக்க வைத்த அன்றும், இரண்டு ரீபவுண்ட் குறைந்தது என்று ஒருவர் திட்டுவார்.

நம் திரையில் வந்தால்

நம் ஊரில் இதற்கு அனுமதி இல்லை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் பந்தயங்களையும், அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் வேறு வேறு பெயர்களில் திரையில் எட்டிப் பார்க்கக்கூடும். எனவே சில யோசனைகள்.

1. ஸ்கோர் பார்க்க என்.பி.ஏ.வின் சொந்தத் தளம் போதும். தேடுதலில் வரும் முகம் தெரியாத தளங்களைத் தவிர்க்கவும்.

2. புதிய ஆப் ஒன்றை நேரடியாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யும்படி லிங்க் வந்தால், அதில் கிளிக் செய்ய வேண்டாம். அதிகாரபூர்வ ஸ்டோரில் இல்லாத ஆப் உங்கள் போனில் என்னென்ன படிக்கும் என்று சொல்ல முடியாது.

3. "நாளைய ஓவர் நிச்சயம்" என்று பணம் கேட்டு டிப்ஸ் தருபவர்களை நம்ப வேண்டாம். பாதிப் பேருக்கு ஓவர், பாதிப் பேருக்கு அண்டர் என்று அனுப்பினால், எப்படியும் பாதிப் பேருக்குச் சரியாக வந்துவிடும். அந்தப் பாதியிடம் அடுத்த நாள் கட்டணம் கேட்பார்கள்.

4. பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யவும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

5. வீட்டில் பிள்ளைகள் இந்தத் தளங்களைப் பார்ப்பது தெரிந்தால், கத்திக் கூச்சல் போட்டுக் கம்ப்யூட்டரை அணைப்பதால் பயனில்லை. போனில் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்து, மேலே சொன்ன =(105/110)^5 கணக்கை அவர்கள் கையாலேயே டைப் செய்யச் சொல்லுங்கள். அறிவுரையை விட அந்த விடை நன்றாகப் பேசும்.

எண்களை ரசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடைப்பந்தின் அழகே அதன் எண்களில் பாதி இருக்கிறது. பிடித்த வீரர் ஒருவரின் ஆட்டக் கணக்கை ஒரு சீசன் முழுவதும் ஒர்க் ஷீட்டில் எழுதி வாருங்கள். நிமிடம் ஒரு காலத்தில், புள்ளி ஒரு காலத்தில். சார்ட் போடுங்கள். அடுத்த ஆட்டத்தில் எத்தனை எடுப்பார் என்று நீங்களே ஓர் எண்ணை எழுதி வைத்து, மறுநாள் சரி பாருங்கள். எக்ஸெல் பழகவும் இது நல்ல வழி. பல முறை தவறும். அதற்காக நீங்கள் யாருக்கும் 110 டாலர் கொடுக்க வேண்டியதில்லை.